முள்ளங்கிக்கு வெண்ணெய்: அடுப்பில்லாத பண்டமும் உழவர் பொறுப்பும்



பிரான்ஸ் நாட்டில் ஒரு பண்டம் இருக்கிறது. விரல் நீளச் சிவப்பு முள்ளங்கி ஒரு கட்டு, கொஞ்சம் வெண்ணெய், ஒரு சிட்டிகைக் கல் உப்பு, பக்கத்தில் ஒரு துண்டு ரொட்டி. அவ்வளவுதான். அடுப்பு இல்லை, தாளிப்பு இல்லை, மசாலா இல்லை. பச்சை முள்ளங்கியை வெண்ணெயில் தொட்டு, உப்பில் தொட்டு, 'கறுக்'கென்று கடித்துத் தின்ன வேண்டியதுதான். பெயரும் அப்படியேதான்: 'ராதி-பெர்'. ராதி என்றால் முள்ளங்கி, பெர் என்றால் வெண்ணெய்.

"இதுல என்னங்க இருக்கு? முள்ளங்கியக் கழுவி வெச்சா அது ஒரு பலகாரமா? அதுக்கு ஒரு கட்டுரையா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். சாம்பாரில் போடுகிற முள்ளங்கி கொஞ்சம் முற்றியிருந்தாலும் புளியும் பருப்பும் பெருங்காயமும் அதை மூடி மறைத்துவிடும். பச்சையாகத் தின்கிறபோது மறைப்பதற்கு ஒன்றுமே இல்லை. மண் எப்படி, தண்ணீர் எப்படி, என்றைக்குப் பிடுங்கினது, எதைத் தெளித்தார்கள் எல்லாமே நாக்குக்கும் வயிற்றுக்கும் நேராகப் போய்ச் சேரும். சமையல்காரருக்கு இதில் வேலையே கிடையாது. சமையலை உழவர் பாத்தியிலேயே முடித்துவிட்டார். அதனால்தான் இந்தச் சின்னப் பண்டத்தைப் பற்றி நாம் பேச வேண்டியிருக்கிறது.

எப்படிப் பரிமாறுகிறார்கள்?

பிரெஞ்சுக்காரர்கள் நம்மைப் போல எல்லாவற்றையும் ஒரே இலையில் வைத்துச் சாப்பிடுவதில்லை. வரிசை உண்டு. முதலில் சின்னதாக ஒரு தொடக்கம், அடுத்து முதன்மையான உணவு, பிறகு பாலாடைக்கட்டி, கடைசியில் பழமோ இனிப்போ. அந்தத் தொடக்கத்துக்குத்தான் பச்சைக் காய்கறி. பச்சையாக வைக்கிற காய்களுக்குப் பொதுவாக 'க்ரூதித்தே' என்று பெயர். துருவின கேரட்டில் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் விட்டு வைப்பார்கள். வெள்ளரி வைப்பார்கள். செலரிக் கிழங்கைத் துருவிக் கடுகுச் சாந்து சேர்த்த குழம்பில் பிசறுவார்கள். வசந்த காலத்தில் பிஞ்சு அவரை வகையான பாக்லா பருப்பைத் தோலுரித்துப் பச்சையாக உப்புத் தொட்டுத் தின்பார்கள். இந்தக் குடும்பத்திலேயே மிக எளிமையான பிள்ளைதான் முள்ளங்கியும் வெண்ணெயும்.

செய்முறை என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் நுணுக்கம் இருக்கிறது.

முள்ளங்கியை மண் போகக் கழுவ வேண்டும். இலையை ஒட்ட வெட்டக் கூடாது. இரண்டு விரல் அளவு காம்பை விட்டுவைத்தால் பிடித்துத் தின்ன அதுதான் கைப்பிடி. நுனி வேரைக் கிள்ளிவிட்டுக் குளிர்ந்த நீரில் கால் மணி நேரம் போட்டால் விறைத்துக்கொள்ளும்; கடிக்கிறபோது சத்தம் கேட்கும். பிறகு துணியில் ஈரம் போக ஒற்றியெடுக்க வேண்டும், ஈரம் இருந்தால் வெண்ணெய் பிடிக்காது. வெண்ணெயைக் குளிர்பெட்டியிலிருந்து முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும். கல் மாதிரி இருந்தாலும் ஒட்டாது, உருகி ஓடினாலும் ஒட்டாது. விரலால் அழுத்தினால் குழிகிற பதம்தான் சரி. சிலர் முள்ளங்கியின் நுனியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அந்தப் பிளவுக்குள் வெண்ணெயை வைத்து அழுத்துவார்கள். இன்னும் சிலர் ரொட்டியில் வெண்ணெய் தடவி, மேலே முள்ளங்கியை வட்டவட்டமாக அரிந்து அடுக்கி, உப்பைத் தூவிக்கொள்வார்கள்.

வெட்டின இலை குப்பைக்குப் போவதில்லை. உருளைக்கிழங்கு சேர்த்து வேகவைத்துக் கடைந்து சூப் வைப்பார்கள். முள்ளங்கிக் கீரையை நாம் பொரியல் செய்வதில்லையா, அந்த மாதிரிதான். சந்தையில் வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பதும் அந்த இலையைத்தான். கிழங்கு பல நாள் தாங்கும். இலை ஒன்றிரண்டு நாளில் வாடிப் பழுத்துவிடும். இலையோடு கட்டாக விற்றால், என்றைக்குப் பிடுங்கினது என்று யாரும் எழுதி ஒட்டத் தேவையில்லை. இலையே சொல்லிவிடும்.

ஏன் வெண்ணெய்?

முள்ளங்கிக் காரம் மிளகாய்க் காரம் மாதிரி இல்லை. அது கடுகுக் காரத்தின் சொந்தம். முள்ளங்கி, கடுகு, முட்டைக்கோசு எல்லாம் ஒரே குடும்பம். இந்தச் செடிகளின் செல்லுக்குள் ஒரு கந்தகச் சேர்மம் ஓரிடத்திலும், அதை உடைக்கிற நொதி வேறிடத்திலும் தனித்தனியாக இருக்கின்றன. நாம் கடித்தால் செல் உடைந்து இரண்டும் கலக்கின்றன. அப்போதுதான் காரம் பிறக்கிறது. பூச்சி கடித்தாலும் இதேதான் நடக்கும். செடி தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கிற ஆயுதம் அது. வேகவைத்தால் அந்த நொதி செத்துப்போகிறது. அதனால்தான் சாம்பார் முள்ளங்கி காரமாக இருப்பதில்லை.

இந்தக் காரப் பொருள் தண்ணீரைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரையும். வெண்ணெய் காரத்தில் ஒரு பகுதியைத் தன்னுள் வாங்கிக்கொண்டு, நாக்கிலும் ஒரு படலமாகப் படிகிறது. உறைப்பு மட்டுப்படுகிறது, முள்ளங்கியின் இனிப்பு மேலே வருகிறது. உப்பு அந்த இனிப்பை இன்னும் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கிறது. மூன்று பொருளில் இவ்வளவு கணக்கு.

பிரெஞ்சு வெண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே வெண்ணெய் என்று விற்க வேண்டுமானால் குறைந்தது 82 விழுக்காடு பால் கொழுப்பு இருக்க வேண்டும். தண்ணீர் 16 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. உப்புச் சேர்த்த வெண்ணெய்க்குக் கொழுப்பு 80 விழுக்காடு போதும். ஒரு கிலோ வெண்ணெய்க்கு ஏறத்தாழ 20 முதல் 22 லிட்டர் பசும்பால் தேவைப்படும். பெயர்பெற்ற வெண்ணெய்களைப் பாலேட்டைக் கறந்த சூட்டோடு கடைவதில்லை. நல்ல நுண்ணுயிர்களைச் சேர்த்துப் பல மணி நேரம் புளிக்கவிட்டுத்தான் கடைகிறார்கள். அந்த மணம் அங்கிருந்துதான் வருகிறது. "இது நம்ம வீட்டு வெண்ணெய்தானே!" என்று தோன்றுகிறதா? ஆமாம். உறை ஊற்றி மத்தால் கடைந்தெடுக்கிற நம் வெண்ணெயும் புளித்த வெண்ணெய்தான். பாக்கெட்டில் வருகிற இனிப்பு வெண்ணெயைவிட இந்தப் பண்டத்துக்கு நம் வீட்டு வெண்ணெயே நெருக்கமானது.

ஷரான்த்-புவாத்து வட்டாரத்து வெண்ணெய்க்கு 1979இலும், நார்மண்டியில் உள்ள இசிஞ்ஞி வட்டாரத்து வெண்ணெய்க்கு 1986இலும் பெயர்க் காப்பு கிடைத்தது. அந்த வட்டாரத்துப் பாலில், அந்த முறைப்படி செய்தால் மட்டுமே அந்தப் பெயரைப் போட முடியும். நம் ஊர்ப் பொருள்களுக்குக் கிடைக்கிற புவிசார் குறியீட்டைப் போன்ற ஏற்பாடு இது.

உப்புக்குள் ஒரு வரலாறு

பிரான்சின் வடமேற்கு மூலையில் பிரெத்தாஞ் என்ற கடலோரப் பகுதி இருக்கிறது. பிரான்சின் மற்றப் பகுதிகளில் பெரும்பாலும் உப்பில்லாத வெண்ணெய்தான். பிரெத்தாஞ்சில் உப்புப் போட்ட வெண்ணெய் இல்லாமல் வீடே கிடையாது. இந்த வேறுபாட்டுக்கு வரிதான் காரணம் என்று சொல்வார்கள்.

மன்னராட்சியில் 'கபெல்' என்று ஓர் உப்பு வரி இருந்தது. பல மாகாணங்களில் அரசுக் கிடங்கில்தான் உப்பு வாங்க வேண்டும். சொல்கிற விலையைக் கொடுத்தாக வேண்டும். பிரெத்தாஞ்சுக்கு இதில் விலக்கு. அங்கே உப்பு மலிவு, தாராளமாக வெண்ணெயில் போட்டுக் கெடாமல் வைத்துக்கொண்டார்கள். மற்ற ஊர் ஏழைகளுக்கு வெண்ணெயில் போட உப்புக் கட்டுப்படியாகவில்லை. உப்பு கடத்தினவர்கள் பிடிபட்டால் கடுந்தண்டனை. பிரெஞ்சுப் புரட்சியின்போது 1790இல் அந்த வரியை ஒழித்தார்கள்; 1806இல் நெப்போலியன் உப்பு வரியைத் திரும்பக் கொண்டுவந்தார். 1930இல் வேதாரண்யத்துக்கு நடந்துபோன நமக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. உப்பில் கைவைக்கிற அரசு எங்கேயும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறது.

முள்ளங்கிக்குத் தொட்டுக்கொள்ள இன்றும் பலர் விரும்புவது கெராந்த் உப்பு. கடல்நீரைக் களிமண் பாத்திகளில் பாய்ச்சி, வெயிலிலும் காற்றிலும் காயவிட்டு, கையால் வாரி எடுக்கிற சாம்பல் நிற உப்பு. களிமண்தான் அந்த நிறத்தைக் கொடுக்கிறது. ஒரு காலத்தில் அந்த உப்பளங்களை விட்டுவிட்டுச் சாலையும் சுற்றுலாக் கட்டடங்களும் போடலாம் என்ற பேச்சு வந்தது. உப்பளத் தொழிலாளர்கள் எதிர்த்து நின்றார்கள், கூட்டுறவு அமைத்துத் தங்கள் உப்பைத் தாங்களே விற்கத் தொடங்கினார்கள். உப்பளமும் பிழைத்தது, தொழிலும் பிழைத்தது.

பாரிஸ் நகரத்துத் தோட்டக்காரர்கள்

இனி முள்ளங்கிக்கு வருவோம். பிரெஞ்சு முள்ளங்கி என்றால் கண்முன் வருவது நீள்உருண்டையாக, மேலே ரோஜாச் சிவப்பும் நுனியில் வெள்ளையுமாக இருக்கிற வகை. ஆங்கில விதைப் பட்டியல்களில் இதைப் 'பிரெஞ்சு பிரேக்ஃபாஸ்ட்' என்று போடுவார்கள். வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சுக்காரர்கள் இதைக் காலை உணவாகத் தின்பதில்லை. மதியச் சாப்பாட்டுத் தொடக்கத்தில்தான் வைக்கிறார்கள். '18 நாள்' என்றே பெயர் கொண்ட பழைய வகை ஒன்றும் உண்டு. எல்லாம் கூடிவந்தால்தான் 18 நாள். சாதாரணமாக 25 முதல் 30 நாள் ஆகும்.

19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகருக்கு உள்ளேயும் ஓரத்திலும் 'மரேஷே' எனப்பட்ட காய்கறித் தோட்டக்காரர்கள் இருந்தார்கள். சிறு துண்டு நிலம், சுற்றிலும் மதில், நடுவில் கிணறு. அவர்களுடைய முறைகளை மொரோ, தாவெர்ன் என்ற இரண்டு தோட்டக்காரர்கள் 1845இல் புத்தகமாகவே எழுதிவைத்தார்கள். எழுதினவர்கள் பேராசிரியர்கள் இல்லை, மண்வெட்டி பிடித்தவர்கள். அதனால்தான் இன்றும் உலகெங்கும் சிறு நில உழவர்கள் அதைத் தேடிப் படிக்கிறார்கள்.

பாரிசில் அப்போது எங்கு பார்த்தாலும் குதிரை வண்டி. லாயத்துச் சாணமும் வைக்கோலும் மலைபோல் குவியும். தோட்டக்காரர்கள் அதை வாங்கிவந்து பாத்தியில் கனமாக அடுக்கி மிதிப்பார்கள். அது புளித்துச் சூடேறும். அதன்மேல் நன்கு மட்கிப் பொடியான பழைய உரத்தை ஒரு படலமாகப் பரப்பி, அதில்தான் விதைப்பார்கள். மேலே கண்ணாடிச் சட்டமோ, மணி வடிவக் கண்ணாடிக் கூடோ கவிழ்ப்பார்கள். வெளியே உறைபனி, உள்ளே இளஞ்சூடு. வேறெங்கும் ஒன்றும் முளைக்காத குளிரில் அவர்களிடம் முள்ளங்கி இருக்கும், நல்ல விலைக்குப் போகும்.

கலப்புப் பயிரிலும் கெட்டிக்காரர்கள். ஒரே பாத்தியில் முள்ளங்கியையும் கேரட்டையும் சேர்த்து விதைத்து, இடையே லெட்யூஸ் கீரை நாற்றை நடுவார்கள். முள்ளங்கி ஒரு மாதத்தில் வெளியேறிவிடும். அந்த இடத்தில் கீரை விரியும். கீரையை அறுத்த பிறகு கேரட்டுக்கு முழு இடமும் கிடைக்கும். ஒரே முறை உரமிட்டு மூன்று அறுவடை. சூடு தணிந்த பழைய பாத்தியெல்லாம் மட்கி அடுத்த ஆண்டின் மேல் உரமாகும். நகரத்தின் கழிவு நகரத்துக்கே உணவாகத் திரும்பியது. பிறகு மோட்டார் வண்டி வந்தது, குதிரை போனது, சாணமும் போனது. நிலத்தின் விலை ஏறித் தோட்டங்கள் கட்டடங்களாயின.

கழிவு உணவாகிற கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து பாரிசின் சாக்கடை நீரை நகரைச் சுற்றியுள்ள வயல்களுக்குத் திருப்பினார்கள். மணல் நிலத்தில் காய்கறி கொழித்தது. நூறாண்டு ஓடியது. அதற்குள் சாக்கடையின் குணம் மாறிவிட்டது. தொழிற்சாலைக் கழிவோடு ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்களும் சேர்ந்து வந்தன. அவை மட்குவதில்லை, மண்ணிலேயே தங்கிவிடும். 2000ஆம் ஆண்டை ஒட்டி, பியர்லே சமவெளி போன்ற இடங்களில் காய்கறி பயிரிடவே தடை போட வேண்டியதாயிற்று. இன்று அந்தச் சமவெளியில் காடு வளர்க்கிறார்கள். ஒரு காலத்தில் நகரத்துக்கே காய் கொடுத்த மண்ணில் இன்று ஒரு முள்ளங்கி போட்டு விற்க முடியாது. நகர ஓரங்களில் சாக்கடை நீரைப் பாய்ச்சுகிற நம் உழவர்கள் மனதில் வைக்க வேண்டிய பாடம் இது.

பச்சையாகத் தின்பவருக்கு நாம் கொடுக்க வேண்டிய வாக்கு

"நஞ்சு தெளிக்கல, அதனால பச்சையாவே தின்னலாம்" என்று நம்மில் பலர் சொல்வோம். அது பாதி உண்மை. இரசாயன நஞ்சு இல்லை என்பதோடு, சாணத்தில் வருகிற நோய்க் கிருமியும் இருக்கக் கூடாது. வேகவைக்கிற காய்க்கு அடுப்பு ஒரு காவல். பச்சைக் காய்க்கு அந்தக் காவல் கிடையாது. பாரிஸ் தோட்டக்காரர்கள் புதுச் சாணத்தை அடியில் வைத்து, விதையை மட்கிய உரத்தில் போட்டதில் இந்த நன்மையும் அடங்கியிருந்தது.

இன்றைய விதிகளிலும் இந்தக் கவலை இருக்கிறது. உதாரணமாக, அமெரிக்க உயிர்ம வேளாண்மை விதிப்படி, மண்ணைத் தொட்டு வளர்கிற உணவுப் பயிருக்குப் பச்சைச் சாணம் போட்டால் அறுவடைக்கு 120 நாள் இடைவெளி வேண்டும். மண்ணைத் தொடாத பயிருக்கு 90 நாள். முள்ளங்கியின் ஆயுளே 30 நாள்தான். அப்படியென்றால் முள்ளங்கிப் பாத்திக்குப் பச்சைச் சாணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நன்கு சூடேறி, புரட்டி, மட்கி, மண் வாசனை வந்த உரம்தான் போட வேண்டும்.

நம் ஊரில் இதைக் கொஞ்சம் கூடுதலாகவே கவனிக்க வேண்டும். ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம் எல்லாம் மண்ணுக்கு அருமையானவை. ஆனால் அவற்றில் புதுச் சாணமும் மூத்திரமும் இருக்கின்றன. பச்சையாகத் தின்னப் போகிற முள்ளங்கி, கொத்தமல்லி, லெட்யூஸ், வெள்ளரி இவற்றின் இலை மேலும் காய் மேலும் அறுவடை நெருங்குகிற நாளில் தெளிக்காதீர்கள். விதைப்புக்கு நன்கு முன்னதாகவே மண்ணுக்குக் கொடுத்துவிடுங்கள். அதேபோல் காய் கழுவுகிற தண்ணீர் குடிக்கிற தரத்தில் இருக்க வேண்டும். வயலில் சுத்தமாக வளர்த்துவிட்டுக் குட்டையில் முக்கியெடுத்துக் கட்டினால் பாடுபட்டதெல்லாம் வீண்.

விதை யாருடையது?

பழைய பிரெஞ்சு முள்ளங்கி வகைகள் எல்லாம் நாமே விதை எடுக்கக்கூடியவை. இன்று பெரும் பண்ணைகளில் வீரிய ஒட்டு வகைகளும் புகுந்துவிட்டன. எல்லாம் ஒரே அளவு, ஒரே நாளில் முற்றும், இயந்திரத்துக்குத் தோதாக இருக்கும். ஆனால் விதைக்கு ஒவ்வொரு முறையும் கடைக்குத்தான் போக வேண்டும்.

பிரான்சில் அரசுப் பட்டியலில் பதிவாகாத வகையின் விதையை விற்பது நெடுங்காலம் சட்டத்துக்குப் புறம்பு. பாரம்பரிய விதைகளைப் பரப்பிய கொகொபெல்லி என்ற அமைப்பு இதற்காக நீதிமன்றப் படியேறியது. 2012இல் ஐரோப்பிய நீதிமன்றம் வரை வழக்குப் போயிற்று, தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வரவில்லை. தொடர்ந்து பலர் குரல் கொடுத்ததில், 2020 சூன் மாதம் வந்த சட்டம் பொதுவுடைமையான வகைகளின் விதையை வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு விற்கலாம் என்று வழிவிட்டது. விதை விடுதலை அங்கேயும் போராடித்தான் வந்திருக்கிறது.

விதை எடுக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சிவப்பு முள்ளங்கியும் நம் நீள வெள்ளை முள்ளங்கியும் ஒரே இனம். பக்கத்தில் பக்கத்தில் பூத்தால் தேனீ இரண்டையும் கலந்துவிடும். ஒரே பருவத்தில் ஒரு வகையை மட்டும் பூக்கவிடுங்கள். சீக்கிரம் பூவெடுக்கிற செடியை விதைக்கு விடாதீர்கள். கிழங்கு நன்றாகத் திரண்டு, தாமதமாகப் பூக்கிறதையே தேர்ந்தெடுங்கள்.

வெண்ணெய்க் காசு யாருக்குப் போகிறது?

பிரெஞ்சில் கையில் காசில்லை என்பதற்கு "ஒரு முள்ளங்கிகூட மிச்சமில்லை" என்று சொல்வார்கள். வருமானம் கொஞ்சம் கூடினால் "பசலைக் கீரையில் வெண்ணெய் விழுந்தது" என்பார்கள். இந்த இரண்டு சொலவடைக்கும் நடுவில்தான் அங்கே உழவர்கள் வாழ்க்கை ஓடுகிறது.

2015 மார்ச் மாதக் கடைசியோடு ஐரோப்பாவில் பால் உற்பத்திக்கு இருந்த அளவுக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். பால் பெருகிற்று, கொள்முதல் விலை சரிந்தது, பலர் மாட்டை விற்றார்கள். இரண்டே ஆண்டில், 2017 இலையுதிர் காலத்தில், பிரெஞ்சுக் கடைகளில் வெண்ணெய் அடுக்குகள் காலியாகக் கிடந்தன. உலகச் சந்தையில் வெண்ணெய் விலை மளமளவென்று ஏறியிருந்தது. பெருங்கடைகள் கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இல்லை. வெண்ணெய் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறினாலும் பால் கறந்தவர் கைக்கு அந்த அளவில் வந்து சேரவில்லை. நமக்குப் பழகின கணக்குதானே இது?

பிரெத்தாஞ்சின் மாட்டுப் பண்ணைகளும் பன்றி, கோழிப் பண்ணைகளும் நிலத்தின் தாங்குதிறனை மீறிப் பெருகியதால், எருவிலும் உரத்திலும் உள்ள நைட்ரேட் ஆற்றுவழியாகக் கடலுக்குப் போய், கடற்கரையெல்லாம் பச்சைப் பாசி குவிந்து அழுகுகிறது. அதிலிருந்து நச்சு வாயு வருகிறது. வெண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுத் தின்ன வேண்டிய தேவை அங்கேயும் இருக்கிறது.

இதற்கு மாற்றாகச் சில வழிகளையும் அவர்கள் கண்டிருக்கிறார்கள். 2001இல் தெற்கே மார்செய் அருகிலுள்ள ஓபாஞ் நகரில் 'அமாப்' என்ற முறை தொடங்கியது. ஊர்மக்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து ஓர் உழவரோடு ஒப்பந்தம் போடுவார்கள். பருவத்துக்கான பணத்தை முன்கூட்டியே உறுதி செய்துவிடுவார்கள். உழவர் வாரம் ஒரு கூடை கொடுப்பார். ஆலங்கட்டி மழையில் கீரை போனால் அந்த இழப்பை எல்லோரும் பகிர்ந்துகொள்வார்கள். வசந்தகாலக் கூடையில் முதலில் வருவது பெரும்பாலும் முள்ளங்கிக் கட்டுதான். ஜப்பானின் தெய்க்கெய் இயக்கம் இதற்கெல்லாம் முன்னோடி. இன்று பிரான்சில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமாப் குழுக்கள் இருக்கின்றன.

சான்றிதழிலும் இரண்டு வழி உண்டு. 'ஆ.பே.' என்ற அரசு முத்திரை 1985இல் வந்தது. அதற்கு முன்பே, 1964இல், உழவர்களும் நுகர்வோரும் சேர்ந்து தொடங்கிய 'நாத்யூர் எ ப்ரொக்ரே' அமைப்பு, ஒருவர் பண்ணையை மற்றவர்கள் நேரில் போய்ப் பார்த்து உறுதி சொல்கிற முறையை இன்றும் வைத்திருக்கிறது. நாம் பி.ஜி.எஸ். என்று சொல்கிற பங்கேற்பு உத்தரவாதத்தின் அண்ணன் முறை அது.

இன்னொன்று பள்ளிக்கூடச் சாப்பாடு. 2011இல் வந்த அரசு ஆணைப்படி, பள்ளியில் போடுகிற 20 வேளை உணவில் குறைந்தது 10 வேளையாவது பச்சைக் காய்கறியோ பழமோ இருக்க வேண்டும். 2018இல் வந்த எகாலிம் சட்டம், 2022 தொடக்கத்துக்குள் பொதுச் சமையற்கூடங்களின் கொள்முதலில் பாதி தரமான பொருளாகவும், 20 விழுக்காடு உயிர்ம விளைபொருளாகவும் இருக்க வேண்டும் என்றது. இலக்கை எட்டாத கூடங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. இருந்தாலும் ஒரு சட்டம் இருப்பதால் உள்ளூர் உழவர் உரிமையோடு போய்க் கேட்க முடிகிறது. ஒரு குழந்தை பள்ளியில் பச்சை முள்ளங்கியைக் கடித்துப் பழகினால், நாளைக்கு நல்ல காய் எது என்று தெரிந்த ஒரு வாடிக்கையாளர் உருவாகிறார்.

நாமும் போட்டுப் பார்க்கலாமா?

போடலாம். இந்தச் சிறு முள்ளங்கி குளிர்ச்சியை விரும்பும். மலைப்பகுதியில் எளிதாக வரும். சமவெளியில் பனிக்காலத்தில், கார்த்திகை முதல் தை வரை முயன்று பாருங்கள். வெயிலில் போட்டால் கிழங்கு திரளாமல் பூவுக்குப் போய்விடும். திரண்டாலும் காரமும் நாரும்தான் மிஞ்சும்.

கல், கட்டி இல்லாத பொலபொலப்பான மண். ஒன்று முதல் ஒன்றரை செ.மீ. ஆழத்தில் விதை. முளைத்ததும் செடிக்குச் செடி 3 முதல் 5 செ.மீ. இருக்கும்படி கலைத்துவிடுங்கள்; நெருக்கமாக விட்டால் இலை மட்டும்தான் வரும். தண்ணீரைச் சீராகக் கொடுக்க வேண்டும். காயப்போட்டுப் பிறகு வெள்ளமாக விட்டால் கிழங்கு வெடிக்கும். இலையைச் சல்லடையாக்குகிற தத்துவண்டுக்கு மெல்லிய வலையும் மண்ணின் ஈரமுமே நல்ல காவல். மொத்தமாக விதைக்காமல் பத்து நாளுக்கு ஒரு முறை ஒரு சின்னப் பாத்தி போட்டால் வாரந்தோறும் கட்டுக் கிடைக்கும். பருத்ததும் பிடுங்கிவிடுங்கள். ஒரு வாரம் தாமதித்தால் உள்ளே சக்கையாகிவிடும்.

காலையில் வெயில் ஏறுவதற்குள் பிடுங்கி, இலையோடு கட்டி, அன்றைக்கே வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். கூடவே நம் வீட்டு வெண்ணெய் ஒரு கரண்டி, கல் உப்பு ஒரு சிட்டிகை கொடுத்து அங்கேயே தின்றுபார்க்கச் சொல்லுங்கள். உங்கள் மண்ணைப் பற்றி நீங்கள் ஒரு மணி நேரம் பேசுவதைவிட அந்த ஒரு கடி அதிகம் பேசும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பாத்தியில் நின்று ஒரு முள்ளங்கியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு உங்களையே கேளுங்கள்: "இதைக் கழுவி, என் பேரப்பிள்ளைக்கு இப்படியே பச்சையாகக் கொடுப்பேனா?" தயங்காமல் ஆமாம் என்று சொல்ல முடிந்தால், அந்த முள்ளங்கிக்கு நீங்கள் சொல்கிற விலையும் நியாயமான விலைதான்.